அத்தியாயம் 7: யாருக்குக் கீழே யார்? – படிநிலை அட்டவணையை அமைக்கும் முறை

வைகை அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது வெளியாகும் அறிவிப்புகளைப் படித்திருப்பீர்கள். இருபோகத்துக்கு இத்தனை ஏக்கர், ஒருபோகத்துக்கு இத்தனை ஏக்கர் என்று ஒரே பத்தியில் எண்களை அடுக்கியிருப்பார்கள். அவற்றை அட்டவணையாக எழுதினால் இப்படி வரும்:

பெரியாறு – வைகைப் பாசனம் (ஏக்கர்) | 1,50,043
— இருபோகம் | 45,041
— — நிலக்கோட்டை வட்டம் | 1,797
— — வாடிப்பட்டி வட்டம் | 16,452
— — மதுரை வடக்கு வட்டம் | 26,792
— ஒருபோகம் | 1,05,002
— — பெரியாறு பிரதானக் கால்வாய் (மேலூர் பகுதி) | 85,563
— — திருமங்கலம் பிரதானக் கால்வாய் | 19,439

மொத்தம் எட்டு வரிகள்தான். ஆனால் படிநிலை அட்டவணையில் வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த எட்டு வரிகளுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் இந்த அத்தியாயம் முழுவதும் இதையே வைத்துக்கொள்வோம். பவர் பிஐ, எக்செல் பிவட், டாலி என எதில் வேலை பார்ப்பவராக இருந்தாலும், முதலில் இதை ஒரு தாளில் கையால் எழுதிவிட்டு வாருங்கள். எழுதும்போதே கை எங்கே தயங்குகிறது என்று கவனியுங்கள். மென்பொருளிலும் அதே இடத்தில்தான் தப்பு வரும்.

ஒவ்வொரு வரியும் வாசிப்பவருக்கு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். நான் யாருக்குக் கீழே இருக்கிறேன்? என் எண்ணுக்குள் யார் யார் அடங்குகிறார்கள்? உள்தள்ளல், தடித்த எழுத்து, கோடு, நிறம் எல்லாமே இந்த இரண்டுக்காகத்தான். இவற்றுக்கு உதவாத அலங்காரம் எதுவானாலும் எடுத்துவிடுங்கள்.

ஒரே படி, ஒரே இனமா?

மேலே உள்ள அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். இருபோகத்துக்குக் கீழே வட்டங்கள் இருக்கின்றன, ஒருபோகத்துக்குக் கீழே கால்வாய்கள் இருக்கின்றன. இரண்டும் மூன்றாம் படியில் நிற்கின்றன, ஆனால் ஒரே இனம் அல்ல. இந்தக் கலத்துக்கு ‘வட்டம்’ என்று தலைப்புக் கொடுத்தால் கீழ்ப்பாதி பொய்யாகிவிடும், ‘கால்வாய்’ என்று கொடுத்தால் மேல்பாதி பொய்யாகிவிடும்.

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கலத்தின் தலைப்பைப் பொதுவாக ‘பகுதி’ என்று வைத்து, ஒவ்வொரு பெயரோடும் அதன் இனத்தைச் சேர்த்து எழுதுவது. மேலே நான் செய்திருப்பது அதுதான். இன்னொன்று, ஒருபோகத்தையும் வட்டவாரியாகப் பிரித்துத் தரச் சொல்லி விவரம் கேட்பது. விவரம் கிடைத்தால் இரண்டாவதே நல்லது. கிடைக்காதபோது, கால்வாயின் பெயரை ஊர்ப் பெயராகத் தெரியும்படி சுருக்கி எழுதிவிடாதீர்கள். ‘திருமங்கலம் 19,439’ என்று மட்டும் போட்டால், வாசிப்பவர் அதைத் திருமங்கலம் வட்டத்தின் பாசனப் பரப்பு என்றே எடுத்துக்கொள்வார்.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்துக்கு அட்டவணை தயாரித்துக் கொடுத்தேன். அதில் மேலூர் என்ற பெயர் மூன்று வரிகளில் வந்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வயதான விவசாயி ஒருவர் தாளை என் பக்கம் நீட்டினார்.

“தம்பி, இதுல எது எந்த மேலூர்?”

“முதல்ல இருக்கிறது கோட்டம், அடுத்தது வட்டம், மூணாவது ஒன்றியம்யா.”

“அத எழுதியிருக்கலாம்ல. நாங்க இருக்கிற மேலூர எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

அவர் கேட்டது நியாயம். மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய மூன்று பெயர்களும் வருவாய்க் கோட்டமாகவும் இருக்கின்றன, வட்டமாகவும் இருக்கின்றன, ஊராட்சி ஒன்றியமாகவும் இருக்கின்றன, நகராட்சியாகவும் இருக்கின்றன. எல்லைகளோ வேறு வேறு. திரையில் விரித்து மடக்கும்போது உள்தள்ளல் ஓரளவு காப்பாற்றும். அச்சில், அதுவும் பக்கம் மாறும் இடத்தில், உள்தள்ளல் மட்டும் போதாது. ஆகவே பெயரோடு இனத்தையும் சேர்த்து ‘மேலூர் வட்டம்’, ‘மேலூர் ஒன்றியம்’ என்று ஒரு தனிக் கலத்தை மூலத் தரவிலேயே உருவாக்கி, அறிக்கையில் அதையே பயன்படுத்துங்கள். இரண்டு சொல் கூடுவதால் கலம் அகலமாகும். ஆகட்டும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வருவாய்த்துறையின் படிநிலை மாவட்டம், கோட்டம், வட்டம், உள்வட்டம், வருவாய் கிராமம் என்று இறங்குகிறது. ஊரக வளர்ச்சித் துறையினுடையது மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, குக்கிராமம் என்று இறங்குகிறது. மதுரையில் வட்டங்கள் 11, ஒன்றியங்கள் 13. ஒன்றின் கீழ் மற்றொன்று அடங்காது. வட்டத்துக்குக் கீழே ஒன்றியத்தை வைத்து ஒரே அட்டவணையில் கோர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், முடியாது என்று பொறுமையாக விளக்குங்கள். இரண்டு அட்டவணைகளாகக் கொடுங்கள். கோர்த்துக் கொடுத்தால் ஏதாவது ஒரு கிராமம் இரண்டு முறை எண்ணப்படும், அல்லது விட்டுப்போகும்.

மொத்தம் எதன் மொத்தம்?

இனி நிலக்கோட்டைக்கு வருவோம். அது திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. 1985-இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததிலிருந்து அப்படித்தான். தண்ணீர் மாவட்ட எல்லை பார்த்து ஓடுவதில்லை. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையிலான இருபோகப் பகுதியில் நிலக்கோட்டையின் 1,797 ஏக்கரும் சேர்ந்தே வருகிறது.

நீங்கள் அறிக்கையில் ‘மாவட்டம் = மதுரை’ என்று வடிகட்டினால் என்ன ஆகும்? இருபோகத்தின் மொத்தம் 43,244 ஆகிவிடும். கணக்கு சரிதான், 16,452-ம் 26,792-ம் சேர்ந்தால் 43,244 வரும். ஆனால் தண்ணீர் திறப்பு அறிவிப்பைக் கையில் வைத்திருப்பவர் 45,041-ஐத் தேடுவார். கிடைக்காது. உடனே உங்கள் அறிக்கையே தப்பு என்பார். அதன் பிறகு நீங்கள் காட்டும் எந்த எண்ணையும் அவர் நம்பமாட்டார். நம்பிக்கை இழந்த அறிக்கையைத் திரும்ப நம்பவைப்பது மிகக் கடினம். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இதற்கு மருந்து மொத்த வரியின் பெயரில்தான் இருக்கிறது. வெறும் ‘மொத்தம்’ என்று எந்த வரிக்கும் பெயர் வைக்காதீர்கள். ‘இருபோகம் – மதுரை மாவட்டம் மட்டும்: 43,244’ என்று ஒரு வரி, அதற்கு அடுத்தே ‘இருபோகம் – முழு ஆயக்கட்டு: 45,041’ என்று இன்னொரு வரி (ஆயக்கட்டு என்பது பாசனம் பெறும் பரப்பு). இரண்டும் கண்முன் இருந்தால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பது தானே விளங்கும். பவர் பிஐ-யில் வடிகட்டியைப் பொருட்படுத்தாத தனி அளவை ஒன்றை எழுதி இதைச் செய்யலாம். எக்செலில் பிவட்டுக்கு வெளியே ஒரு வரியாகப் போடலாம்.

சதவீதத்துக்கும் இதே எச்சரிக்கை. வாடிப்பட்டி வட்டம் இருபோகத்தில் 36.5 சதவீதம், 1,50,043 ஏக்கர் மொத்த ஆயக்கட்டில் 11 சதவீதம். எக்செல் பிவட்டில் மேல்படியின் மொத்தத்துக்கு எத்தனை சதவீதம், ஆக மொத்தத்துக்கு எத்தனை சதவீதம் என்று இரண்டு தேர்வுகள் தனித்தனியாக இருக்கின்றன. எதைத் தேர்ந்தீர்களோ அதைக் கலத்தின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: ‘இருபோகப் பரப்பில் %’.

சராசரி இதைவிட ஆபத்தானது. எடுத்துக்காட்டுக்காக இரண்டு கிராமங்களை வைத்துக்கொள்வோம். முதல் கிராமத்தில் 100 ஏக்கர், ஏக்கருக்கு 30 மூட்டை. இரண்டாவதில் 10 ஏக்கர், ஏக்கருக்கு 20 மூட்டை. 30-ஐயும் 20-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25 வரும். உண்மையில் 110 ஏக்கரில் 3,200 மூட்டை, அதாவது ஏக்கருக்கு 29 மூட்டைக்குச் சற்று மேல். கீழ்ப்படியில் இருக்கும் விகிதங்களைச் சராசரி எடுத்து மேல்படிக்கு ஏற்றக் கூடாது. மூட்டையைத் தனியாகக் கூட்டி, ஏக்கரைத் தனியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் புதிதாக வகுக்க வேண்டும். மக்கள்தொகைக் கணக்கும் அப்படித்தான். 2011-இல் மதுரை மாவட்டத்தில் ஆண்கள் 15,26,475, பெண்கள் 15,11,777. ஆயிரம் ஆண்களுக்கு 990 பெண்கள் என்ற எண் இந்த இரண்டையும் வகுத்து வருவது. வட்டங்களின் விகிதங்களைச் சராசரி எடுத்து வருவதல்ல.

சில எண்களுக்கு மொத்தமே கிடையாது. அணையின் நீர்மட்டத்தைத் தேதிவாரியாகப் போட்டு மாதக் கடைசியில் கூட்டிக்காட்டும் அட்டவணைகளைப் பார்த்திருக்கிறேன். நீர்மட்டத்தைக் கூட்டக் கூடாது. மென்பொருள் தானாகக் கூட்டிவிடும், அதற்குத் தெரியாது. பவர் பிஐ-யில் ‘இஸ்இன்ஸ்கோப்’ என்ற செயற்கூறு இப்போது எந்தப் படியில் இருக்கிறோம் என்று சொல்லும். அதைக் கொண்டு மாதப் படியில் கடைசி நாளின் மட்டத்தைக் காட்டலாம், அல்லது கட்டத்தைக் காலியாக விடலாம்.

தலைமடை முதல் கடைமடை வரை

வரிகளை எந்த வரிசையில் அடுக்குவது? மென்பொருளிடம் விட்டால் அகரவரிசையில் போடும். நம் அட்டவணையில் நிலக்கோட்டை, மதுரை வடக்கு, வாடிப்பட்டி என்று வரும். பெரியது முதல் சிறியது என்று அடுக்கச் சொன்னால் மதுரை வடக்கு, வாடிப்பட்டி, நிலக்கோட்டை.

தண்ணீர் அப்படிப் போவதில்லை. பேரணையில் பிரிந்து நிலக்கோட்டை வழியாக வாடிப்பட்டிக்கு வந்து, பிறகு மதுரை வடக்குக்குப் போகிறது. பாசனக்காரர் தலைமடையிலிருந்து கடைமடைக்குத்தான் யோசிப்பார். அவர் கேள்வியே கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான். வரிசை அதற்கு ஒத்துவந்தால், மேலிருந்து கீழே பார்க்கும்போதே எங்கே குறைகிறது என்று கண்ணில் படும். அகரவரிசையில் அந்த விடை சிதறிவிடும்.

ஆகவே மூலத் தரவில் ‘வரிசை எண்’ என்று ஒரு கலம் வைத்து 1, 2, 3 என்று நீங்களே கொடுங்கள். பவர் பிஐ-யில் பெயர்க் கலத்தைத் தேர்ந்து, வரிசை எண் கலத்தைக் கொண்டு அடுக்கும்படி சொல்லிவிடலாம். எக்செல் பிவட்டில் தனிப்பயன் பட்டியல் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மாதங்களுக்கும் இது தேவை. இல்லாவிட்டால் அக்டோபர் முதலில் வரும், ஆகஸ்ட் அடுத்து வரும், ஏப்ரல் மூன்றாவதாக வரும். வருவாய்த்துறைக்கு என்றால் பசலி ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். கணக்குப் பிரிவுக்கு என்றால் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். யாருக்காகத் தயாரிக்கிறீர்கள் என்று கேட்டுக்கொண்டு அதன் பிறகு எண் கொடுங்கள்.

உள்தள்ளல், எழுத்து, கோடு

இந்தப் பகுதிக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை.

பெயர்களை மட்டும் உள்ளே தள்ளுங்கள், எண்களைத் தள்ளாதீர்கள். எண்கள் எல்லாம் வலப்பக்கம் ஒட்டி, ஒன்றின் கீழ் ஒன்றாக, பத்து பத்தின் கீழும் நூறு நூறின் கீழும் நிற்க வேண்டும். டாலியில் துணைத்தொகைகளை உள்கலத்திலும் மொத்தத்தை வெளிக்கலத்திலும் காட்டுவார்கள். மதுரை கீழமாசி வீதி மொத்தக் கடைகளில் கணக்கெழுதுபவர்களின் கண் அதற்குப் பழகியிருக்கிறது. அவர்களுக்கான அறிக்கை என்றால் அந்த முறையையே பின்பற்றலாம். ஆனால் இரண்டு படிகளுக்கு மேல் போனால் அது தாங்காது.

பவர் பிஐ மேட்ரிக்ஸில் படிப்படியான அமைப்பை வைத்துக்கொண்டு, உள்தள்ளும் அளவை இயல்புநிலையைவிடக் கூட்டுங்கள். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலப் பெயருக்குப் போதுமான உள்தள்ளல் ‘திருப்பரங்குன்றம்’ போன்ற பெயருக்கு முன்னால் தெரியாமலே போகிறது. வரிகளின் உயரத்தையும் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் ‘கு’, ‘மூ’ போன்ற எழுத்துகளின் கீழ்வளைவுகள் வெட்டுப்படும்.

மேல்படிக்குத் தடித்த எழுத்து. நடுப்படிக்குச் சாதாரண எழுத்தும் மெல்லிய சாம்பல் பின்னணியும். கீழ்ப்படிக்கு ஒன்றும் வேண்டாம். படிக்கு ஒரு நிறம் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. நம் அலுவலகங்களில் அச்சு கறுப்பு வெள்ளையில்தான் வருகிறது, அதை நகலெடுத்து அந்த நகலைத்தான் கூட்டத்தில் கொடுக்கிறார்கள். நகலின் நகலில் இளம்பச்சையும் இளநீலமும் ஒரே அழுக்காகத்தான் தெரியும். நிபந்தனை நிறம் போடுவதாக இருந்தால், அது மொத்த வரிகளுக்குப் பரவாமல் பாருங்கள். மொத்தம் எப்போதும் பெரிய எண்ணாகத்தான் இருக்கும், எப்போதும் அதுவே அடர்நிறத்தில் கண்ணை இழுக்கும்.

எண்களை லட்சம், கோடி முறையில் பிரியுங்கள். இங்கே ஒன்றரை லட்சம் ஏக்கர் என்றுதான் பேசுகிறார்கள், 0.15 மில்லியன் என்று யாரும் சொல்வதில்லை. எக்செலில் இந்தக் கமா முறை கணினியின் வட்டார அமைப்பிலிருந்து வருவது. உங்கள் கணினியில் 1,50,043 என்று தெரிவது இன்னொருவர் கணினியில் 150,043 ஆகலாம். அனுப்புவதற்கு முன் வாசிப்பவரின் கணினியில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

பூஜ்யம், இன்மை, விவரம் வரவில்லை

அரசு அலுவலகத்தில் ‘இன்மை அறிக்கை’ என்று ஒன்று உண்டு. எங்கள் பகுதியில் இந்த இனத்தில் ஒன்றுமில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டு அனுப்புவது. விவரமே அனுப்பாமல் இருப்பதும் அதுவும் ஒன்றல்ல. கையெழுத்துக் காலத்தில் இந்த வித்தியாசத்தைக் கவனமாகப் பார்த்தார்கள். இப்போது மென்பொருள் இரண்டையும் காலிக் கட்டமாகவோ பூஜ்யமாகவோ காட்டிவிடுகிறது.

அட்டவணையில் மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்டுங்கள். இன்மை என்றால் 0. வரவில்லை என்றால் ‘வ.இ.’ என்று எழுதி அடியில் விளக்கம். அந்த வரிக்கு அந்தக் கலமே பொருந்தாது என்றால் ஒரு சிறு கோடு. கீழ்ப்படியில் ஒரு ‘வ.இ.’ இருந்தால் அதன் மேல்படி மொத்தமும் முழுமையானதல்ல. மொத்தத்தின் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, ‘11 வட்டங்களில் 9-இன் விவரம்’ என்று எழுதுங்கள். மேலதிகாரி பெரும்பாலும் மொத்தத்தை மட்டும்தான் பார்ப்பார். அவருக்குச் சொல்ல வேண்டியதை மொத்த வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆழம் ஒன்றாக இல்லாத படிநிலைகளிலும் இந்தக் காலிக் கட்டச் சிக்கல் வரும். மதுரை மாநகராட்சிக்குக் கீழே மண்டலம், வார்டு என்று இரண்டு படிகள்தான். ஒன்றியப் பக்கம் ஊராட்சி, குக்கிராமம் என்று வேறு மாதிரி இறங்கும். பேரூராட்சிக்கு வார்டு மட்டும். ஒரே மேட்ரிக்ஸில் போட்டால் பெயரில்லாத காலி வரிகள் முளைக்கும். அளவையை எழுதும்போதே, அந்தக் கிளை முடிந்துவிட்ட படிக்குக் காலியைத் திருப்பும்படி எழுதினால் மேட்ரிக்ஸ் அந்த வரியைத் தானே மறைத்துவிடும். காலி வரியை நிரப்புவதற்காக மேல்படியின் பெயரையே திரும்ப எழுதுவது சிலரின் வழக்கம். அதைச் செய்யாதீர்கள், இரண்டு முறை எண்ணியதுபோலத் தோன்றும்.

எல்லை மாறிய ஆண்டையும் அடிக்குறிப்பில் கொடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதுரை மாவட்டத்தில் 7 வட்டங்கள். மதுரை கிழக்கு, மதுரை மேற்கு, திருப்பரங்குன்றம், கள்ளிக்குடி ஆகியவை பிற்பாடு வந்தவை. அன்றைய மதுரை வடக்கையும் இன்றைய மதுரை வடக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, குறைந்துவிட்டது என்று சிவப்பு அம்பு போடுவது பெரிய தவறு.

திரைக்கு ஒன்று, தாளுக்கு ஒன்று

துணை மொத்தம் மேலேயா, கீழேயா? திரையில் மேலே வையுங்கள். மடக்கியிருக்கும்போது பெயரும் மொத்தமும் ஒரே வரியில் தெரியும், வேண்டியவர் கூட்டல் குறியை அழுத்தி உள்ளே போவார். தாளில் கீழே வையுங்கள். வருவாய்த் தீர்வாயத்தில், அதாவது ஜமாபந்தியில், கிராமக் கணக்கு சரிபார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அடிஸ்கேலை ஒரு வரியின் கீழ் வைத்து, வாயால் எண்ணைச் சொல்லி, சிவப்பு மையில் ஒரு டிக் போட்டு, ஸ்கேலை அடுத்த வரிக்கு இறக்குவார்கள். கடைசியில் ‘ஆக மொத்தம்’ வரும்போது வாயில் இருக்கும் எண்ணும் தாளில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். மொத்தத்தை மேலே வைத்தால் அந்த ஓட்டம் கெடுகிறது.

திரைக்கான மேட்ரிக்ஸை அப்படியே அச்சிட்டால் கண்ணுக்குத் தெரிந்த பகுதி மட்டும்தான் வரும். அச்சுக்கு பேஜினேட்டட் ரிப்போர்ட் தனியாகச் செய்யுங்கள். எக்செல் என்றால் தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் திரும்ப வரும்படி வையுங்கள். மேல்படியின் பெயரும் பக்கத் தொடக்கத்தில் திரும்ப வர வேண்டும்: ‘ஒருபோகம் (தொடர்ச்சி)’. அது இல்லாத பக்கத்தைத் தனியாக நகலெடுத்துக் கொடுத்தால் அது அநாதைத் தாள்.

அடுத்த அத்தியாயத்துக்குப் போவதற்கு முன் ஒரு பயிற்சி. மேலே கொடுத்த எட்டு வரிகளையும் உங்கள் மென்பொருளில் அமையுங்கள். மதுரை மாவட்டம் என்று வடிகட்டுங்கள். அச்செடுத்து, அந்தத் தாளை இந்த வேலையில் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து, 43,244 என்பது என்ன, 45,041 என்பது என்ன என்று கேளுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் அவர் சரியாகச் சொல்லிவிட்டால் அட்டவணை தயார். நீங்கள் விளக்க வேண்டியிருந்தால், அந்த விளக்கத்தைத் தாளில் எழுதிவிட்டு மறுபடி அச்செடுங்கள்.